ஜப்பான் விட்டுக்கொடுத்த ஒரு நாள்

பழவேற்காடு ஏரியில் இருக்கிற இறாலை எல்லாம் உட்கார்ந்து எண்ணிவிடலாம். என் தோழி டபுள் இன்ஜினுக்கு இருந்த பயங்களை எண்ணவே முடியாது. லிப்டுக்குப் பயம். நகரும் படிக்கட்டுக்குப் பயம். நூலகத்தில் தும்மல் வந்துவிடுமோ என்று பயம். எதற்கும் பயம் வராத நாளில், ஏன் இன்னும் வரவில்லை என்று பயம். இத்தனைக்கும் மீனவர் வீட்டுப் பெண். காற்றடிக்கும் ஏரியில் படகின் விளிம்பில் நின்றுகொண்டு சாவகாசமாகத் தலை பின்னுவாள். கரையேறினால்தான் நடுக்கம் ஆரம்பிக்கும்.

அவளும் நானும் சென்னையில் ஒரு பல்கலைக்கழகத்தில் பிரெஞ்சும் ஜப்பானியமும் சேர்த்துப் படித்தோம். ஒன்றுக்கே புத்தி போதாத நாங்கள் ஏன் இரண்டை எடுத்தோம் என்று கேட்கலாம். சேர்க்கையன்று கவுன்ட்டரில் இருந்தவர் "ரெண்டுமா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லப் பயந்து இருவரும் தலையாட்டிவிட்டோம். அவள் தன் குப்பத்திலிருந்து படகு, பிறகு பஸ், பிறகு பொன்னேரியில் ரயில் என்று வருவாள். நான் மீஞ்சூரில் ஏறிக்கொள்வேன். ஒரே மண்டையில் இரண்டு பாஷை ஓட்டுகிறாளே என்று அவள் ஊர்ப் படகுக்காரர் வைத்த பெயர்தான் டபுள் இன்ஜின். அது ரயில் ஏறி வகுப்புக்கும் வந்துவிட்டது.

ஆரம்பத்தில் இரண்டு இன்ஜினும் ஒன்றையொன்று இடித்துக்கொண்டன. பிரெஞ்சுப் பேராசிரியையைப் பார்த்தால் இவள் இடுப்பை வளைத்து ஜப்பானியர் மாதிரி குனிவாள். ஜப்பானிய வகுப்பில் எண்ணச் சொன்னால் இரண்டு வரை ஒழுங்காக வந்து, மூன்றிலிருந்து பிரெஞ்சுக்குத் தாவுவாள். பிரெஞ்சுப் பேராசிரியை நல்லவர்தான். ஆனால் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். அந்தப் பார்வை மேலே விழுந்தால் எனக்குத் தமிழே மறந்துபோகும்.

அப்போதுதான் டபுள் இன்ஜின் தன் குப்பத்துச் சட்டத்தை எடுத்து மொழிகளின் மேல் போட்டாள். ஏரியில் இறால் நன்றாகப் படுகிற இடங்கள் கொஞ்சம், வலைகளோ நிறைய. அதனால் சீட்டுப் போட்டு முறை வைத்துக்கொள்வார்கள். இன்றைக்கு இவர்கள், நாளைக்கு அவர்கள். அதற்குப் பாடு என்று பெயர். தன் பாடு இல்லாத நாளில், இறால் துள்ளி மடியில் விழுந்தாலும் அந்த இடத்தில் வலை இறக்கக் கூடாது. இறக்கினால் ஊர் முன்னால் நிற்க வேண்டும்.

டபுள் இன்ஜினும் சீட்டுப் போட்டாள். ஒரு நாள் பிரெஞ்சுப் பாடு, மறுநாள் ஜப்பான் பாடு. ஜப்பான் பாட்டன்று பிரெஞ்சில் ஒரு சொல் வாயில் வராது. எங்கள் அதிர்ஷ்டம், வகுப்புகளும் ஒருநாள் விட்டு ஒருநாளாக அமைந்திருந்தன. நானும் பயத்தில் அவளோடு சேர்ந்துகொண்டேன். குழப்பம் நின்றது. அவள் மதிப்பெண் ஏறியது. பேராசிரியை ஒருமுறை கண்ணாடி வழியாகவே அவளைப் பார்த்தார்.

பிறகு வாய்மொழித் தேர்வு அட்டவணை வந்தது. பிரெஞ்சு வாய்மொழி, சரியாக ஜப்பான் பாட்டன்று.

அவள் முகத்தில் ரத்தமே இல்லை. இந்த வருஷம் தேறாவிட்டால் படிப்பை நிறுத்திவிட்டு இறால் உரிக்கிற கம்பெனிக்கு அனுப்புவதாக வீட்டில் முடிவாகியிருந்தது. அவள் நைனா கொடுமைக்காரர் இல்லை. ஒரே வகுப்புக்கு இரண்டு முறை பணம் கட்ட வழியில்லை, அவ்வளவுதான். பயத்தைத் தவிர அந்தப் பெண் விடாமல் பிடித்துக்கொண்டிருந்த ஒரே விஷயம் இந்தப் படிப்பு.

எல்லாம் உன் மண்டைக்குள் இருக்கிற சட்டம்தானே, மீறினால் யார் கேட்கப்போகிறார்கள் என்று நான் சமாதானம் சொன்னேன்.

"பாடு இல்லாத நாள்ல எனக்கு வாயே வராதுடி. போன வாரம் ரகசியமா முயற்சி பண்ணிப் பாத்தேன். தொண்டை அடைச்சிக்கிச்சு" என்றாள். நானும் ரகசியமாக முயற்சி செய்து பார்த்திருந்தேன், எனக்கும் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவளோடு குப்பத்துக்குப் போனேன். கோயில் முன்னால் பத்துப் பேர் கிழிந்த வலைகளைத் தைத்துக்கொண்டிருந்தார்கள். நைனாவும் இருந்தார். டபுள் இன்ஜின் வழக்கைச் சொன்னாள். சிரிப்பார்கள் என்று நானும் சிரிப்பைத் தயாராக வைத்திருந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தார்கள்.

கடைசியில் நைனா பேசினார். "சாவு, கல்யாணம்னா பாடு மாத்திக்கிறோம். பரிட்சையும் அந்த மாரிதான். ஆனா எதிர்த்தரப்பு ஒத்துக்கணும். ஜப்பான் தரப்புல யாரு கீறாங்க?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

வகுப்புத் தலைவியாகக் கூட நின்றதில்லை நான். எழுந்து, விட்டுக்கொடுக்கிறோம் என்று முனகினேன்.

"சத்தமா சொல்லும்மா. அப்பால ஜப்பான் பேச்சு மாறக் கூடாது" என்றார் நைனா.

சத்தமாகச் சொன்னேன். பதிலுக்கு அடுத்த பிரெஞ்சுப் பாட்டை ஜப்பானுக்குத் தருவதென்று தீர்ப்பானது. பிறகு எங்களுக்கு மடவை மீன் குழம்பும் சோறும் போட்டார்கள். ஒரு தேசத்தையே தாரை வார்த்துவிட்ட நடுக்கத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

தேர்வன்று காலை பாடு மாறியிருந்தது. பயம் மட்டும் மாறவில்லை. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். உள்ளே போனவர்கள் ஒவ்வொருவராக வெளிறிப்போய் வந்தார்கள். ஒருத்தி அழுதுகொண்டே கழிப்பறைப் பக்கம் ஓடினாள். அடுத்து என் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்தேன். படித்த பிரெஞ்சு அத்தனையும் எங்கோ போயிருந்தது. டபுள் இன்ஜினைத் திரும்பிப் பார்த்தேன். அவள் உதடும் நடுங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் என் கையைப் பிடித்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா பயந்தா எப்டிடி ஆவும்? மொதல் பாடு என்னுது. நான் பயந்துக்கினு கீறேன். நீ போய்ப் பேசிட்டு வா."

போனேன். எப்படிப் பேசினேன் என்று கேட்காதீர்கள், பேசினேன். வெளியே வந்தபோது அவள் அதே இடத்தில், கண்ணை இறுக மூடி, எனக்காகப் பயந்துகொண்டிருந்தாள். வியர்வையில் அவள் துப்பட்டா நனைந்திருந்தது. தோளைத் தொட்டு, இனி என் பாடு என்றேன். எழுந்து போனாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் பேராசிரியை ஏதோ கேட்டார். பதில் இல்லை. மறுபடி கேட்டார். அப்போதும் இல்லை. இறால் கம்பெனியின் ஐஸ் தொட்டியில் அவள் கை முங்குவது எனக்குத் தெரிந்தது. என் வாழ்நாளில் எனக்காகக் கூட நான் அப்படிப் பயந்ததில்லை. பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அவள் பங்கில் துளி மிச்சம் வைக்காமல் பயந்தேன்.

பிறகு குரல் வந்தது. ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குக் கூவுகிற குரலில், தாழ்வாரம் முழுக்கக் கேட்கும்படி, பிரெஞ்சில் தன் ஏரியைப் பற்றி அவள் சொல்லிக்கொண்டே போனாள். போதும் என்று பேராசிரியை சொன்ன பிறகும் நிறுத்தவில்லை.

இருவரும் தேறினோம். நான் இரண்டு மொழிகளையும் விட்டுவிட்டுப் பத்திரிகைக்கு வந்துவிட்டேன். அவள் இப்போது ஒரு ஜப்பானியக் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளர். பெரிய மனிதர்கள் வருகிற நாளில் காலையிலேயே போன் வரும். "இன்னிக்கு மீட்டிங்குடி. கொஞ்சம் நீ பயப்படேன்." அவ்வளவுதான், வைத்துவிடுவாள். ஆசிரியர் கட்டுரை கேட்டுக் கத்திக்கொண்டிருந்தாலும் பேனாவை மூடிவிட்டு, மீட்டிங் முடிந்தது என்று அவள் சொல்கிறவரை உட்கார்ந்து மனசாரப் பயப்படுவேன். அதைவிட எனக்குப் பிடித்த வேலை வேறு கிடையாது.