லீவு கேட்கும் பக்கம்

திரை எட்டாவது முறையாகப் பாஸ்வேர்ட் கேட்டது. ஸ்டோர் கீப்பர் தான் செய்த பக்கத்தைத் தானே முறைத்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு மேனேஜர் முன்னால் அந்த லீவு கேட்கும் பக்கம் ஓட வேண்டும். ஓடினால் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. ஓடாவிட்டால் பழையபடி குடோன், தூசி, தும்மல். அந்தப் பக்கத்தைக் கட்ட ஜாவா ஃபிரேம்வொர்க்கைப் பிடித்து மூன்று வாரம் ஆகிறது. யார் யாரைப் பிடித்தது என்பதில் அவருக்கே குழப்பம்.

ஜாவாவில் பழம் தின்று கொட்டை போட்ட மைத்துனனுக்குப் போன் போட்டார்.

"மாப்ளே, உள்ளயே விட மாட்டேங்குது."

"பாதுகாப்பு லைப்ரரி, அந்த ரெடிமேட் கோடு, சேர்த்தீங்களா மாமா?"

"நீதானே சேர்க்கச் சொன்னே?"

"அப்ப பாஸ்வேர்ட் கேக்கும்."

"நான் எதுவும் வைக்கலையே."

"அதுவே ஒண்ணு வச்சுக்கும். ஓட்டுறப்பல்லாம் மாத்திக்கும்."

வீட்டைக் கட்டியவனுக்கே சாவி கிடையாதா? ஒன்றும் விளங்கவில்லை. லைப்ரரியையே தூக்கிவிட்டார். பக்கம் திறந்தது. ஆனால் யார் லீவு கேட்டாலும் 'மறுக்கப்பட்டது' என்றது.

"லீவு விதியைச் சரிபார்க்கிற இடத்துல, இப்போதைக்கு எல்லாத்துக்கும் சரின்னு சொல்ல வைங்க மாமா."

வைத்தார். 'அனுமதிக்கப்பட்டது' என்று பச்சையில் வந்தது. நிறுத்தி மறுபடி ஓட்டினால், போட்ட லீவெல்லாம் மாயம்.

"அது மறந்துடும் மாமா. நிஜமான டேட்டாபேஸோட இணைக்கணும்."

ஆபீசில் நிஜமாக இருந்த டேட்டாபேஸ் ஒன்றே ஒன்று, எல்லோர் லீவும் ஏறும் ஊழியர் பதிவேடு. அதோடு இணைத்தார். எதுவும் மறக்கவில்லை. ஏன் ஓடுகிறது என்று தெரியாவிட்டாலும் ஓடுகிறதே என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வியாழன் மதியமே எல்லோருக்கும் லிங்க் அனுப்பினார்: "ஒருமுறை முயன்று பார்த்துச் சொல்லவும்."

மறுநாள் பத்து மணிக்கு லேப்டாப்போடு ஹாலுக்குள் நுழைந்தார். ஓர் ஆள் இல்லை. கம்ப்யூட்டர் பிரிவும் காலி. வாசலுக்கு ஓடி வந்தார்.

"எங்கப்பா எல்லாரும்?"

"லீவு சார்," என்றார் வாட்ச்மேன். "எல்லாருக்கும் கிடைச்சிடுச்சாம்."

ஸ்டோர் கீப்பருக்கு அப்போதுதான் உறைத்தது. குடோன் தூசி இப்போதே மூக்கில் ஏறியது போல ஒரு தும்மல் வந்தது.

"மேனேஜருக்கு இது தெரியுமா?"

"அவருதான் சார் முதல்ல போட்டாரு, பத்து நாளைக்கு. உங்களைக் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாத்தியாச்சாம், ஆனா அந்தப் பக்கத்துல மட்டும் இனிமே கை வைக்கக் கூடாதுன்னு சொல்லச் சொன்னாரு."