ஒரு தப்புக்கு ஒரு சட்டி மண்

தாம்பரம் வட்டாரத்தில் எருமை மாட்டுக்கு அபராதம் போட்ட ஒரே மனிதர் எங்கள் முட்டை ஆர்டிஓதான். எருமை அந்த அபராதத்தைக் கட்டவும் செய்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். கிழக்குத் தாம்பரத்து டீக்கடைகளுக்கும் சின்ன ஓட்டல்களுக்கும் சைக்கிளில் முட்டை கொண்டுபோய்ப் போடுகிறவர். கேரியரில் அட்டை அட்டையாக முட்டை, கழுத்தில் விசில், ஹேண்டில்பாரில் ஒரு இரும்புச் சட்டி. முட்டை அவருடைய தொழில். விசிலும் சட்டியும் அவராகவே எடுத்துக்கொண்ட உத்தியோகம்.

எங்கள் பேட்டையிலிருந்து ஸ்டேஷனுக்குப் போக இரண்டு வழி. ஒன்று மெயின் ரோடு. தண்ணி லாரி, பஸ், ஷேர் ஆட்டோ எல்லாம் போக மிச்சம் இருக்கும் இடத்தில் சைக்கிள் போகலாம். மிச்சம் இருக்காது. இன்னொன்று ஏரிக்கரை மேல் போகும் மண் பாதை. மறைமலை நகரில் பேக்கிங் வேலைக்குப் போக காலை ரயிலைப் பிடிக்கும் எனக்கும், என்னைப் போன்ற சைக்கிள்காரர்களுக்கும் அதுதான் கதி.

ஆர்டிஓ ரோடுகளை முட்டையால்தான் அளப்பார். "மெயின் ரோடு இன்னிக்கு எட்டு முட்டைப்பா" என்றால் எட்டு உடைந்தது என்று அர்த்தம். மழை நாளில் "ஃபுல் ஆம்லெட்டு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். ஏரிக்கரையை முட்டை உடையாத ரோடாக ஆக்க வேண்டும் என்பது அவருடைய லட்சியம். அதற்காகத்தான் சட்டம் போட்டார்.

காலையில் சைக்கிள் எல்லாம் ஸ்டேஷன் பக்கம் மட்டுமே போக வேண்டும். எதிரே வருகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு வர வேண்டும். வேப்பமர வளைவில் பெல் அடிக்க வேண்டும். ஓட்டும்போது போன் பேசக் கூடாது. டபுள்ஸ் கூடாது. மீறினால் பணமெல்லாம் வாங்க மாட்டார். கரைக்குக் கீழே யாரோ வீடு கட்டியபோது கொட்டிவிட்டுப் போன செம்மண் மலை மாதிரி கிடந்தது. சட்டியை நீட்டுவார். "ஒரு தப்பு, ஒரு சட்டி." அள்ளி வந்து பக்கத்துக் குழியில் கொட்டி, காலால் மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டுத்தான் போக முடியும்.

நான் மாட்டியது பெல் அடிக்காத குற்றத்துக்காக. பெல் அடித்தால் முன்னால் போகிறவர் திரும்பிப் பார்ப்பாரே என்று எனக்குக் கூச்சம். அதனால் வாக்கிங் போகும் பெரியவர்களின் பின்னாலேயே, அவர்கள் வேகத்திலேயே போவேன். பல நாள் ரயிலைக் கோட்டை விட்டிருக்கிறேன். ஒரு நாள் விசில் ஊதி நிறுத்தினார்.

"இன்னா தம்பி, சைக்கிள்ல பெல்லு கீதா?"

"இருக்குண்ணே."

"அடிக்குமா?"

"அடிக்கும்ணே."

"அப்பறம் இன்னாத்துக்குப் பெரியவரு பின்னாடி சாவு ஊர்வலம் மாதிரி வந்துகினு கீற?"

"கூச்சமா இருக்குண்ணே."

"கூச்சத்துக்குத் தனி சட்டம் இல்ல. ஒரு சட்டி போடு. போட்டுட்டு, கூச்சம் போற வரைக்கும் இங்கயே நின்னு பெல்லடி."

அடித்தேன். ஏரியில் இருந்த கொக்கெல்லாம் எழுந்து பறந்துவிட்டன. கூச்சம் மட்டும் போகவில்லை.

இப்போது எருமை. ஒரு நாள் அது பாதைக்குக் குறுக்கே நின்று அசை போட்டுக்கொண்டிருந்தது. ஆர்டிஓ விசில் ஊதினார். அது காதை மட்டும் ஆட்டியது. "ராங் பார்க்கிங். ஒரு சட்டி" என்று தீர்ப்புச் சொன்னார். சொந்தக்காரரைக் கூப்பிடலாம் என்று நாங்கள் சுற்றிப் பார்த்தோம். அதற்குள் எருமை வாலைத் தூக்கி, பக்கத்திலிருந்த குழி நிறையச் சாணி போட்டுவிட்டு நடையைக் கட்டியது. "பாத்துக்கினியா? வாயில்லா ஜீவன். எதுத்து ஒரு வார்த்த பேசல" என்றார் ஆர்டிஓ.

தனக்கும் அவர் சலுகை தந்ததில்லை. வளைவில் ஓவர்டேக் செய்த அன்று தன்னையே விசில் ஊதி நிறுத்தி, தன்னிடமே கொஞ்ச நேரம் வாதாடித் தோற்று, மண் சுமந்தார்.

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து ஊரே திருந்திவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது. லேடீஸ் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் ஸ்டெல்லா டீச்சர் சட்டத்தை எல்லோருக்கும் மனப்பாடம் செய்வித்துவிட்டார். கியர் சைக்கிளில் ஹெல்மெட் போட்டு வரும் ஐடி தம்பி, ஸ்டாண்டு கூட இல்லாத அந்த விலை உயர்ந்த சைக்கிளில் பால்காரர் பெல் ஒன்றை மாட்டிக்கொண்டார். தப்பு செய்ய ஆளே இல்லை. அந்த நேரம் பார்த்து மழை வந்தது. பாதையெல்லாம் குழி. குழியை மூட மண் இருக்கிறது, சட்டி இருக்கிறது, குற்றவாளி இல்லை.

ஆர்டிஓ தவித்துப்போனார். ஒரு நாள் நான் கரையில் போகும்போது என் போன் அடித்தது. சைக்கிளை ஓரமாக நிறுத்தி, இறங்கி, ஸ்டாண்டு போட்டு எடுத்தேன். வேப்பமரத்துக்குப் பின்னாலிருந்து அவரே போனும் கையுமாக வெளியே வந்தார்.

"யோவ், இன்னாத்துக்குய்யா நிறுத்தின?"

"போன் வந்துச்சுண்ணே."

"ஓட்டிகினே எடுத்தா இன்னாவாம்? குழி எப்டிக் கீது பாரு! கொஞ்சமாவது பொறுப்பு கீதா உனுக்கு?"

ஸ்டெல்லா டீச்சர் அவரிடம் சொல்லிப் பார்த்தார். "ஏம்பா, சும்மா கேட்டாலே ஆளுக்கு ரெண்டு சட்டி போடுவோமே."

"சும்மா கேட்டா அது பிச்சை டீச்சர். தப்புக்குப் போட்டாத்தான் சட்டம்."

கேட்கவே மாட்டேன் என்றவர், தனி ஆளாகப் போட்டுக்கொண்டிருந்தார். இவர் போடப் போட மழை கரைத்தது. கடைசியில் ஒரு குழியில் அவரே விழுந்தார். காலில் எலும்பு முறிவு. அன்றைய முட்டை மொத்தமும் ஏரிக்கரையில். நிஜமாகவே ஃபுல் ஆம்லெட்டு.

பார்க்கப் போனபோது கட்டுப் போட்ட காலை நீட்டிப் படுத்திருந்தார். அவருடைய வீட்டம்மா வாசலிலேயே சொன்னார். "சைக்கிள வித்துட்டு ஆட்டோல முட்டை போடப் போறாராம். விசிலக் கூடக் கழட்டி ஆணியில மாட்டிட்டாரு தம்பி."

அவர் வராவிட்டால் அந்தப் பாதை ஒரு மழைக்குத் தாங்காது. அடுத்தது முள் மண்டும். அப்புறம் நாங்கள் எல்லோரும் தண்ணி லாரிக்கு நடுவில்தான். அதைவிட, ஆணியில் தொங்கிய அந்த விசிலைப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் காலை வேப்பமரம் வரை போய்த் திரும்பி, எதிர்த்திசையில் ஓட்டிக்கொண்டு வந்தேன். பெல்லும் அடிக்கவில்லை. எதிரே வந்த ஸ்டெல்லா டீச்சர் பிரேக் பிடித்தார். "பிரதர்! ஒன்-வே!"

"தெரியும் டீச்சர்" என்று சொல்லிவிட்டு நேராக ஆர்டிஓ வீட்டுக்குப் போனேன். "அக்கா, சட்டி வேணும்."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "எவன்டா தப்பு பண்ணது?"

"நாந்தாண்ணே. ஒன்-வேல வந்துட்டேன். பெல்லும் அடிக்கல."

கட்டில் கிறீச்சிட்டது. "நீயா? ரெண்டு சட்டி. நல்லா மிதி."

டீச்சருக்கு விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த நாள் அணைத்து வைத்த போனைக் காதில் வைத்துக்கொண்டு, "அலோ, அலோ" என்று ஒற்றைக் கையில் ஓட்டினார். ஐடி தம்பி பெல்லைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். டபுள்ஸ், டிரிபிள்ஸ் என்று ஊரே கெட்டுப்போனது. காலையில் ஆர்டிஓ வீட்டு வாசலில் ரேஷன் கடை மாதிரி வரிசை. குற்றவாளிகள் சமாதானமாக டீ குடித்துக்கொண்டு நின்றார்கள்.

"டீச்சர், நீங்களுமா?" என்றார் அவர் கட்டிலில் இருந்தபடி.

"ரெண்டாவது வாட்டிப்பா. திருந்தவே மாட்டேங்கறேன்."

ஆர்டிஓ சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நாள் போனபோது விசில் அவர் கழுத்தில் இருந்தது.

குழியெல்லாம் மூடிய பிறகு ஒரு நாள் அவரை என் கேரியரில் உட்கார வைத்துக் கரை மேல் ஓட்டிப்போனேன். மடியில் ஒரு அட்டை முட்டை. மாவுக்கட்டுப் போட்ட கால் குறுக்கே நீட்டிக்கொண்டிருந்ததால் வாக்கிங் போகிறவர்கள் எல்லாம் ஒதுங்கி மரியாதை செய்தார்கள். கடைசி வரை போய் நிறுத்தினேன். அவர் ஒவ்வொரு முட்டையாக எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார். ஒன்றுகூட உடையவில்லை. பிறகு விசிலை எடுத்து ஊதினார்.

"டபுள்ஸ் வந்துகீறோம். ஆளுக்கு ஒரு சட்டி. என்னுதையும் நீயே போட்டுரு."

சைக்கிளை அவர் விற்கவில்லை. கால் சரியாகி ரொம்ப நாள் ஓட்டினார். இப்போது சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார். சட்டி என் ஹேண்டில்பாரில் தொங்குகிறது. எப்போதாவது வேப்பமரத்தடியில் இறங்கி நின்று அவருக்குப் போன் செய்வேன். போன வாரமும் செய்தேன்.

எடுத்ததும் அதட்டினார். "சைக்கிள நிறுத்திட்டுத்தான பேசற?"

ஸ்டாண்டு போட்டு நின்றுகொண்டுதான் இருந்தேன்.

"இல்லண்ணே, ஓட்டிக்கிட்டேதான்" என்றேன்.

"போடு ஒரு சட்டி!" என்றார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷத்துக்கு எத்தனை சட்டி வேண்டுமானாலும் போடலாம்.