என்னை ராஜாவாக்கிய அவமானம் குறித்து

என் மைத்துனரும் நம் வணிகர் சங்கத்தின் செயலாளருமான தங்களுக்கு,

நலம். தங்கள் நலத்தை நேற்றைய ஒத்திகையில் நேரிலேயே கண்டேன், குறைவில்லை. உன் அக்காவும் நலம். அவள் என்னோடு பேசவில்லை என்பதைத் தவிர வீட்டில் வேறு விசேஷமில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். சங்கத்தின் நூற்றாண்டு விழா நாடகத்தில் என்னைச் சோழ ராஜாவாகப் போட்டிருக்கிறாய். இதை நான் ஏற்பதற்கில்லை. சோழனுக்கு முடிசூட்டும் உரிமை நம் வணிகருக்கே இருந்தது என்று நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள். அதை விழா மலருக்குப் பதினாறு பக்கம் எழுதிக் கொடுத்தவன் நான். நாம் சூட்டினால்தான் அவன் ராஜா. சூட்டாவிட்டால் யாரோ ஒரு ஆள். முடிசூட்டுகிற அந்த வணிகர் தலைவன் வேஷத்தை இரும்புக்கடைக்காரருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு, வரலாறு படித்த என்னை அந்த யாரோ ஒரு ஆளாக உட்கார வைத்தால் என்ன அர்த்தம்?

கேட்டால், "அத்தான், அவருக்குக் குரல் கணீர்னு இருக்கு. நீங்க சும்மா உட்கார்ந்தா போதும்"னு சொல்றே. உன் கடைத் திறப்பு விழாப் புகைப்படத்தில் என் இடது தோள் மட்டும் தெரிகிற மாதிரி நிற்கவைத்தவன்தானே நீ! ஒத்திகையில் அந்தக் கணீர்க் குரல் என்ன செய்தது? ஆணி அள்ளுகிற கையால் கிரீடத்தை அழுத்தியதில் அது என் மூக்குவரை இறங்கிவிட்டது, இழுத்ததில் மூக்குக்கண்ணாடியும் சேர்ந்து போனது, கண் தெரியாமல் நான் எழுந்து படுதாவைப் பிடிக்க, படுதா மந்திரி மேல் விழ, அவர் உள்ளேயிருந்து "யாருய்யா விளக்கை அணைச்சது?"ன்னு கத்த, நீ சிரிக்கிறே! உன் அக்கா அதுக்கும் மேல. "அவனவன் ராஜா ஆகணும்னு அலையறான், உங்களுக்கு ஆக்கினா வலிக்குதா?"ன்னு கேட்டவள்தான், அதோடு வாயை மூடிக்கொண்டாள்.

முடிவாகச் சொல்கிறேன். கிரீடம் என் கையில் இருக்க வேண்டும். இல்லையென்றால் நான் மேடையில் இருக்க மாட்டேன். கட்டுரையையும் திருப்பி அனுப்பிவிடு. யார் வந்து காலில் விழுந்தாலும் இதில் மாற்றமில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். உனக்கு இம்முறை இல்லை.

இப்படிக்கு,
உன் அத்தான்

பி.கு.: உறையை ஒட்டும்போது இரும்புக்கடைக்காரரே வந்துவிட்டார். "சாருக்கு அதுதான் ஆசைன்னா நீங்களே சூட்டுங்க. நான் ராஜாவா உட்கார்ந்துக்கறேன்" என்கிறார். அதாவது, அந்த மனிதர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, நான் பவ்வியமாகப் போய் என் கையாலேயே அவரை ராஜாவாக்க வேண்டும். சங்கமே கைதட்ட வேண்டும். ராஜாவாக நானே வருகிறேன். எத்தனை மணிக்கு?