மூடாத பிளேயரும் மாப்பிள்ளையின் முற்றுகையும்

வங்கியொன்றின் கணினிகளுக்கெல்லாம் காவல்தெய்வமாய் விளங்குபவனும், கள்ள நிரல்களின் கழுத்தைத் திருகுபவனும், கடவுச்சொல்லைத் திரையோரம் எழுதி ஒட்டும் கணக்கர்களைக் கண்பார்வையாலேயே நடுங்கவைப்பவனும், மாமனார் முன்னால் மட்டும் வாய் திறவாதவனுமாகிய மூத்த மாப்பிள்ளை வாழ்க! அவன் மாமனார் வீட்டுக் கூடத்தில் புரிந்த பெரும்போரைக் கேளுங்கள்.

இளைய மகள் வீட்டுக்குப் போயிருந்த மாமியார் அன்று மாலை திரும்புகிறார். அவருக்குப் புரியட்டுமே என்று, வேற்றுமொழிப் படமொன்றுக்குத் தமிழ் சப்டைட்டிலை முன்பின் தெரியாத தளத்திலிருந்து இறக்கி வைத்திருந்தார் மாமனார். அவருடைய மீடியா பிளேயரோ பழம்பெரும் பதிப்பு. அதன் கோட்டைமதிலில் ஓர் ஓட்டை. நஞ்சு கலந்த சப்டைட்டில் ஒன்றைத் திறந்தால் போதும், திருடன் அவ்வழியே புகுந்து கணினியையே வாரிச் சுருட்டிவிடுவான். மாப்பிள்ளையின் மகள் முதலடி வைத்த வீடியோ அதில்தான் இருந்தது. ஊருக்கெல்லாம் நகலெடுக்கச் சொல்பவன் அதற்கு மட்டும் நகலெடுக்க மறந்திருந்தான், போங்கள்!

ஓட்டையடைக்கும் அப்டேட் படையோடு வாசலில் நின்றது. பிளேயரை மூடினால்தான் உள்ளே வரும். மாமனாரா மூடுவார்? அந்தப் படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டுப் புறப்பட்ட மாமியார், "நான் வர்ற வரைக்கும் இதைத் தொடாதீங்க" என்று ஆணையிட்டிருந்தாரே! அன்றுமுதல் அந்த உறைந்த காட்சியைக் கண்ணிமைபோல் காத்த அம்மாவீரர், சுட்டியை இறுகப் பற்றியிருந்தார். அதை அவர் கையிலிருந்து வாங்கும் துணிவு மூவுலகிலும் எவனுக்குமில்லை. நிமிடத்தைக் குறித்துக்கொண்டு மூடலாமே என்ற சமாதானத் தூதும் தோற்றது. முன்பொருமுறை அப்படிக் குறித்ததில் ஒரு காட்சி விட்டுப்போய், மாமியாரிடம் அவர் வாங்கிக்கட்டிக்கொண்டது கொஞ்சமல்லவாம்.

சப்டைட்டிலைத் திறந்து பார்த்துவிடுவோம் என்று மாமனாரின் சுட்டி நகர்ந்தது. மாப்பிள்ளையிடம் எஞ்சியிருந்தது ஒரே பிரம்மாஸ்திரம்: கைப்பேசியை எடுத்தான், மாமியாரை அழைத்தான், நிலைமையைச் சொல்லி, அவர் தீர்ப்பைக் கூடமே கேட்கும்படி ஒலிக்கவிட்டான்.

"தாராளமா மூடச் சொல்லுங்க மாப்பிள்ளை. அந்தப் படத்தை நான் சின்னவ வீட்டுலயே பாத்து முடிச்சுட்டேன்."

மூடியது பிளேயர்! ஏறியது அப்டேட்! அடைபட்டது ஓட்டை! பிழைத்தது பிஞ்சுப்பாதத்தின் முதலடி! முழங்குக வெற்றிமுரசு, எட்டுத்திக்கும் பரவுக மாப்பிள்ளையின் மங்காப் புகழ்!

மாமனார் அன்றைக்கு ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.