சுவரில் தொங்கிய அம்மா

"அடுத்த படத்துலயும் நான்தான் அம்மான்னு பேப்பர்ல போட்டிருக்கு. பதினாலு படத்துல அழுதுக்கிட்டே முட்டைக்கோஸ் இலையில கறி வச்சு சர்மாலே சுருட்டியாச்சு. இனிமே நான் யாருக்கும் அம்மா கிடையாது," என்றாள் ஸ்மரண்டா.

தயாரிப்பாளர் திராகோமிர் கெஞ்சுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் சரியென்று தலையை மட்டும் ஆட்டினார்.

ஐம்பத்தாறு வயதில் நீதிபதியாகவோ திருடியாகவோ நடிக்க முடியாதா? புக்கரெஸ்டில் அப்படிப் பெண்களே இல்லையா?

"ஒரு நீதிபதி கதை எழுதச் சொல்லுங்களேன்."

"மாத்திடலாம்," என்றார்.

மாற்றிய கதை ஒரு வாரத்தில் வந்தது. அம்மா படம் முழுக்க நினைவிழந்து கிடக்கிறாள். முகத்தில் கட்டு.

"சமைக்க வேண்டாம், அழ வேண்டாம். வேற என்ன வேணும்?" என்றார் திராகோமிர்.

"உயிர் வேணும்."

அடுத்த கதை அம்மாவின் சவ ஊர்வலத்தில் தொடங்கியது.

"என் போட்டோவை மாட்டிட்டு எடுத்துக்குங்க, போங்க," என்று கத்திவிட்டு வந்தாள்.

அப்படியே எடுத்தார்கள். கதாநாயகன் ஒக்டாவியன் புகைப்படத்தின் முன்னால் நின்று அழுதான். படம் ஓகோவென்று ஓடியது. மற்ற தயாரிப்பாளர்கள் சும்மா இருப்பார்களா? அந்த வருடம் எந்தப் படத்திலும் ஒரு அம்மாகூட உயிரோடு இல்லை. ஸ்மரண்டாவை யாரும் கூப்பிடவில்லை. ரொட்டிக் கடைக்காரி அவளைப் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

"நீங்க இருக்கீங்களா? உங்களுக்காக மெழுகுவத்தி ஏத்தினேனே."

அன்றே வீம்பை விழுங்கிக்கொண்டு படப்பிடிப்புக்குப் போனாள். அம்மாவாகவே நடிக்கிறேன் என்று சொல்லிவிடலாம். அந்தப் படத்தின் இரண்டாம் பாகம் நடந்துகொண்டிருந்தது. சுவரில் அவள் புகைப்படம் இருந்தது. முகம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"என் மூஞ்சியில என்னப்பா குறை? செத்தும் மரியாதை இல்லையா?" என்று அரங்கப் பொருள்களைப் பார்த்துக்கொள்ளும் நேலுவைப் பிடித்து உலுக்கினாள்.

நேலு அக்கம்பக்கம் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான்.

"குறையா? அந்தம்மா அழுதா ஜனங்க என்னைப் பாக்கவே மாட்டேங்கறாங்க, அவங்க இருந்தா நான் நடிக்க மாட்டேன்னு ஒக்டாவியன் சார் அப்பவே சொல்லிட்டார் மேடம். அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு முதலாளி ஒரு மாசமா முழிச்சிட்டிருந்தப்பதான் நீங்களே வந்து வேண்டாம்னீங்க. இப்ப ஒக்டாவியன் சார் என்னடான்னா, அந்த போட்டோவும் நடிக்குது, திருப்பி மாட்டுங்கறார்."