குருதிக்கொடை வள்ளல்

"ரெண்டு பேர் வந்து ரத்தம் குடுக்கணும் சார். எந்த குரூப்பா இருந்தாலும் பரவால்ல. ஆபரேஷனுக்கு நாங்க பிளட் பேங்க்லேர்ந்து எடுக்கறதுக்கு ஈடு," என்றாள் நர்ஸ் புனிதா.

சக்கரபாணிக்குச் சிரிப்புதான் வந்தது. யாரிடம் கேட்கிறோம் என்று தெரியாமல் கேட்கிறாளே! திண்டிவனத்தில் அவர் வைத்திருப்பது உரக்கடை. ஆனால் ஊருக்குள் அவரை எல்லோருக்கும் தெரிவது 'உதிரத்துளி நற்பணி மன்ற'த்தின் தலைவராக. வருஷம் தவறாமல் ரத்ததான முகாம் நடத்துகிறவர். சென்ற வாரம் நடந்த முகாமுக்கு மயிலத்திலிருந்து காலேஜ் பையன்கள்கூட பஸ் பிடித்து வந்து வரிசையில் நின்றார்கள்.

"ரெண்டு பேர் இன்னா சிஸ்டர், இருபது பேரைக் கொண்டாந்து நிறுத்தறேன். படுக்க வைக்க கட்டில் இருக்கான்னு மட்டும் பாருங்க."

உள்ளே அவருடைய அம்மா லட்சுமியம்மாள் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தாள். எழுபதைத் தாண்டியவள். இதயத்தில் வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் கட்டாமலிருக்க தினமும் ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்து விழுப்புரத்துக்குக் கொண்டுவந்தபோது டாக்டர் முதலில் அதைத்தான் நிறுத்தினார். அந்த மாத்திரை உடம்பில் இருக்கும்போது கத்தி வைத்தால் ரத்தம் லேசில் நிற்காதாம். இப்போது ரத்தம் சரியான நிலைக்கு வந்துவிட்டது. நாளைக் காலையில் ஆபரேஷன்.

சக்கரபாணி மன்றச் செயலாளர் பச்சைமுத்துவுக்குப் போன் போட்டார்.

"அம்மாவுக்கு இல்லாத ரத்தமாண்ணே! ஆனா போன வாரம்தானே முகாம்ல குடுத்தோம். மூணு மாசம் ஆவணும்னு நீங்கதான மைக்ல சொன்னீங்க?"

சொன்னதுதான். மூன்று முறை சொன்னார். கைதட்டல்கூட வாங்கினார்.

மற்ற உறுப்பினர்களும் அதையேதான் சொன்னார்கள். மயிலத்துப் பையன்களும் அதையே சொன்னார்கள். திண்டிவனத்தில் ரத்தம் கொடுக்கத் துணிந்த அத்தனை பேரையும் ஒரே நாளில் படுக்கவைத்து எடுத்துவிட்டோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

தங்கை காந்திமதியைக் கேட்டார். "எனக்கே ரத்தம் கம்மியா கீதுன்னு டாக்டரம்மா திட்டிக்கினு இருக்காங்கண்ணா," என்றாள். அவள் புருஷனோ சர்க்கரைக்கு ஊசி போட்டுக்கொள்கிறவன்.

சரி, ஆபரேஷனையே தள்ளிப்போடச் சொல்லலாம் என்று டாக்டரிடம் போனார்.

"எத்தினி நாளைக்குங்க மாத்திரை இல்லாம வெச்சிருக்கறது?" என்று டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "வால்வுல ரத்தம் கட்டிக்கினா உயிருக்கே ஆபத்து. மாத்திரையை ஆரம்பிச்சிட்டாலோ, திரும்ப நிறுத்தி, திரும்பக் காத்திருக்கணும். வயசானவங்க. ரத்தத்தைக் கையில வெச்சிக்காம நான் உள்ள போவமாட்டேன். சாயந்திரத்துக்குள்ள ரெண்டு பேரைக் கூட்டியாங்க."

சக்கரபாணி வராந்தாவுக்கு ஓடிவந்தார். மறுபடி பச்சைமுத்துவைக் கூப்பிட்டார்.

"ரத்தம் குடுக்க முடியலன்னா போவட்டும்டா. அதுக்குன்னு சும்மா உக்காந்திருப்பீங்களா? ஏதாச்சும் பண்ணுங்கடா, ஜல்தி!"

பண்ணினார்கள். மத்தியானம் ஒரு வேனில் மன்றத்து உறுப்பினர்கள் பதினோரு பேரும் வந்து இறங்கினார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில், ஒரு கூடை ஆப்பிள், கூடவே பத்தடி ஃபிளக்ஸ். அதை ஆஸ்பத்திரி வாசலிலேயே கட்டிவிட்டார்கள். மேலே வட்டத்துக்குள் லட்சுமியம்மாள். நடுவில், போன வார முகாமில், தேதி போட்ட பேனருக்குக் கீழே, கட்டிலில் படுத்துக் கையை நீட்டியபடி சக்கரபாணி. 'குருதிக்கொடை வள்ளலின் அன்னையார் விரைவில் நலம்பெற வாழ்த்துகிறோம்' என்று கொட்டை எழுத்து. கீழே பதினோரு முகங்கள்.

ஆயா ஒருத்தி போய் அதை லட்சுமியம்மாளுக்கு விவரமாகச் சொல்லிவிட்டாள்.

"ஏண்டா சக்கரபாணி," என்றாள் அம்மா, மகன் வந்ததும். "ஊருக்கெல்லாம் ரத்தம் குடுத்துக்கினு கீறியாமே. பெத்தவளுக்கு ஒரு பாட்டிலு இல்லியாடா?"

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, சும்மா கேட்டாள். அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நேராகப் புனிதாவிடம் போனார்.

"சிஸ்டர், எங்கிட்ட எடுங்க."

"வாசல்ல பார்த்தேனே சார், போன வாரம்தான் குடுத்திருக்கீங்க. எடுக்க முடியாது."

"பரவால்ல சிஸ்டர், எடுங்க."

"உங்களுக்குப் பரவால்ல. எனக்கு வேலை போயிடும்."

சக்கரபாணி சுற்றுமுற்றும் பார்த்தார். நோயாளிக்குக் கொண்டுவந்த ஆப்பிளில் பாதியைத் தின்று முடித்தபடி பதினோரு பேரும் வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிஸ்டர், அன்னிக்கு நான் குடுக்கல."

"அப்ப அந்தப் படம்?"

"படத்துக்குத்தான் படுத்தேன். ஊசின்னா எனக்கு சின்ன வயசுலேர்ந்தே பயம். பஞ்சை வெச்சி ஒட்டிக்குவேன், போட்டோ எடுத்ததும் போன் வந்துடிச்சின்னு எழுந்து போயிடுவேன்."

"வருஷா வருஷமா?" என்றாள் புனிதா. அவளுக்குக் குரலைத் தாழ்த்தும் பழக்கம் இல்லை. வராந்தாவில் ஆப்பிள் கடிக்கும் சத்தம் நின்றது.

"ஆமா சிஸ்டர்," என்றார் சக்கரபாணி. மானம் போனால் போகட்டும், அம்மா பிழைத்தால் போதும் என்று இருந்தது அவருக்கு.

கட்டிலில் படுத்துக் கண்களை இறுக மூடிக்கொண்டார். எப்போது குத்துவாளோ என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவரை, "எழுந்திரிங்க சார், முடிஞ்சிடிச்சி," என்று புனிதா தட்டினாள். இவ்வளவுதானா! இதற்காகவா இத்தனை வருஷம் பொய் சொன்னோம் என்று தன்மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது.

"ஒண்ணு ஆச்சு. இன்னொருத்தர் யாரு?" என்றாள் புனிதா.

வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கையை மடக்கிப் பிடித்தபடி வராந்தாவுக்கு வந்தார்.

"எல்லாம் காதுல விழுந்திருக்கும்," என்றார் தரையைப் பார்த்தபடி. "நீங்கல்லாம் என்னை நம்பி ரத்தம் குடுத்தீங்க. நான் உங்களை ஏமாத்திட்டேன்டா. இனிமே தலைவரா இருக்க எனக்குத் தகுதியில்ல. வேற யாரையாச்சும் போட்டுக்குங்க."

பதினோரு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பச்சைமுத்து மெல்ல எழுந்து, சட்டைக் கையை மேலே சுருட்ட ஆரம்பித்தான்.

"தலைவரா நீங்களே இருங்கண்ணே. எங்கள்ல யாரு வோணும்னாலும் இப்பவே குடுக்கலாம், அன்னிக்கு நாங்க பதினோரு பேருமே போட்டோவுக்குத்தான் படுத்தோம்."