வாரியத்து வேன் கொதித்த வரலாறு

வெப்பம் குறித்து மனிதகுலம் இதுவரை இரண்டு மாபெரும் ஆராய்ச்சிகளை மேற்கொண்டிருக்கிறது. ஒன்று சூரியனைப் பற்றியது. அது இன்னும் முடிந்தபாடில்லை. மற்றது நீர்ச் சிக்கன ஊக்குவிப்பு வாரியத்தின் பழைய வேனைப் பற்றியது. அது வெற்றிகரமாக முடிந்துவிட்டது. அந்த வெற்றியில் பெரும்பங்கு வாரியத்தின் கண்காணிப்பாளரைச் சேரும்.

அவருக்குப் பெற்றோர் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. அலுவலகத்தில் அவர் ஆமாஞ்சாமி. "ஃபேன் சரியா ஓடலையே?" என்று வாரியத் தலைவர் கேட்டால், "ஆமாங்கய்யா, எங்க ஓடுது" என்பார். "நல்லாத்தானே ஓடுது?" என்று தலைவர் அண்ணாந்து பார்த்துத் திருத்திக்கொண்டால், "ஆமாங்கய்யா, பிரமாதமா ஓடுது" என்பார். ஒரே மின்விசிறி ஒரே நேரத்தில் ஓடவும் ஓடாமலும் இருக்க முடியும் என்ற உண்மையை எந்தக் கருவியின் துணையும் இல்லாமல் எட்டிப்பிடித்தவர் அவர்.

வாரியத்தின் பணி மக்களிடம் தண்ணீரை மிச்சப்படுத்தச் சொல்வது. அதற்காக ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று பள்ளிகளுக்கும் சந்தைகளுக்கும் போய்வந்தது. இந்த வேனுக்கு ஒரு பழக்கம். போகிற வழியில் திடீரென்று சூடேறி, புஸ்ஸென்று ஆவி விட்டு, ரேடியேட்டரில் இருக்கிற தண்ணீரையெல்லாம் நடுத்தெருவில் கொட்டிவிட்டு நின்றுவிடும். எப்போதும் அப்படிச் செய்தால் ஒரு நியாயம். சில நாள் செய்யும், சில நாள் பச்சைப்பிள்ளை மாதிரி சமர்த்தாகத் திரும்பிவரும். பட்டறைக்குக் கொண்டுபோனாலோ சூடே ஆகாது. தண்ணீர்ச் சிக்கனத்துக்கென்றே ஏற்பட்ட வாரியத்துக்கு, அதன் வேனே இப்படித் தண்ணி காட்டியது.

ஒருநாள் பள்ளி மைதானத்தில் தலைவர் பேசினார். "ஒரு சொட்டு, ஒரே ஒரு சொட்டு வீணானாலும் என் நெஞ்சு துடிக்கும்" என்று அவர் குரல் தழுதழுத்த அந்த நொடியில், பின்னால் வந்து நின்ற வேன் ஒரு வாளி வெந்நீரைத் தரையில் பீய்ச்சியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அன்று முழுவதும் அவர்கள் மனமாரக் கைதட்டியது அந்த ஒருமுறைதான்.

மறுநாளே ‘வெப்ப ஆய்வுக் குழு’ அமைக்கப்பட்டது. குழுவின் பொறுப்பு ஆமாஞ்சாமிக்கு. உறுப்பினர் விளம்பர அலுவலர். உலகில் புதிதாக எது கிளம்பினாலும் அதை மறுநாள் காலைக்குள் வாரியத்தில் இறக்கிவிடும் சுறுசுறுப்பான பெண். குற்றம் சாட்டப்பட்டவராக ஓட்டுநர், சுவரோரம் நிறுத்திவைக்கப்பட்டார்.

"இது இன்ஜின் பிரச்சினையே இல்ல சார்" என்றார் விளம்பர அலுவலர். "மன அழுத்தம். ஓட்டுறவரோட டென்ஷன் ஸ்டியரிங் வழியா வண்டிக்குள்ள இறங்குது."

"எனக்கு ஒரு டென்ஷனும் இல்லைங்க" என்றார் ஓட்டுநர்.

"பாருங்க, இருக்கிறதே தெரியாம இருக்கார். அதுதான் முத்தின நிலை."

உடனே ‘உள்ளம் குளிர்ந்தால் உலோகம் குளிரும்’ என்ற தலைப்பில் பயிலரங்கு நடந்தது. ஓட்டுநர் கண்ணை மூடி, மூச்சை இழுத்து, தன்னை ஒரு குளமாகக் கற்பனை செய்துகொண்டார். அன்று பிற்பகல் சந்தைக்குப் போன வேன், பாதி வழியில் அந்தக் குளத்தைத் தவிர மிச்சமிருந்த தண்ணீரையெல்லாம் கொதிக்க வைத்தது.

தலைவர் பொறுமை இழந்தார். "அடுத்த கூட்டத்துல எனக்குக் காரணம் வேணும். வண்டியில குறை இல்லைன்னா, அப்புறம் யார்கிட்ட குறை? ஓட்டுறவன்கிட்டதானே? ஆளை வேலையை விட்டு எடுத்துட வேண்டியதுதான். என்ன சொல்றீங்க?"

"ஆமாங்கய்யா" என்றார் ஆமாஞ்சாமி.

சொன்ன பிறகுதான் எதற்கு ஆமாம் போட்டோம் என்று உறைத்தது. ஏனென்றால் அந்த ஓட்டுநர் அவர் மனைவியின் கூடப்பிறந்த தம்பி. அலுவலக வாசலுக்கு உள்ளே "சார்", வெளியே "அத்தான்". வேலைக்குப் புதியவன், கல்யாணம் ஆகி ஆறு மாதம்கூட ஆகாதவன். அவனுக்கு இந்த வேலை போனால் அடுத்த வேலை என்று எதுவும் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை.

செய்தி அவருக்கு முன்பே வீடு போய்ச் சேர்ந்திருந்தது. மனைவி அடுப்படியிலிருந்து எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"என் தம்பியை எடுத்துடலாமான்னு கேட்டதுக்கு ஆமான்னு சொன்னீங்களாமே?"

"ஆமா" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அவன் வேலைக்கு ஏதாவது ஆச்சு, அப்புறம் நீங்க உங்க ஐயா வீட்டுலயே சாப்பிட்டுக்கலாம். சம்மதமா?"

இதற்கு எந்தப் பதிலும் பாதுகாப்பானதாக இல்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினார்.

மறுநாள் வேன் மறுபடி பட்டறைக்குப் போயிற்று. இங்கே வாரியத்தின் ஒரு நல்ல மரபைக் குறிப்பிட வேண்டும். பிரசாரத்துக்குப் போகும்போது வேனின் முகப்பில், விளக்கிலிருந்து விளக்குவரை, தலைவரின் சிரித்த முகம் அச்சிட்ட பிளக்ஸ் பேனர் ஒன்று இழுத்துக் கட்டப்படும். பட்டறையில் கிரீஸும் கரியுமாக இருக்கும். அங்கே ஐயாவின் முகம் போவது மரியாதையா? ஆகவே ஒவ்வொரு முறையும் பேனரைப் பயபக்தியுடன் அவிழ்த்து, சுருட்டி, தலைவர் அறையில் நிறுத்திவைத்துவிட்டுத்தான் வேனை அனுப்புவார்கள். சாமான் ஏற்றிவரப் போகும் நாளிலும் அப்படியே.

மெக்கானிக் ஏற்கெனவே தெர்மோஸ்டாட்டை மாற்றியிருந்தார். ரேடியேட்டர் மூடியை மாற்றியிருந்தார். குழாய்களை மாற்றியிருந்தார். மாற்றுவதற்கு இனி மெக்கானிக்தான் பாக்கி. ஊரைச் சுற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து இறங்கினார்.

"சூட்டு முள்ளு அசையவே மாட்டேங்குது சார். வண்டி நல்லாத்தான் இருக்கு. வெளியூர் போறப்ப எப்படிப் போகுதோ, அப்படியேதானே கொண்டாந்தீங்க?"

"ஆமா" என்றார் ஆமாஞ்சாமி.

கேட்டவர் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சொல் தானாக வந்துவிடும்; மூளைவரை போய் அனுமதி வாங்கிவர அதற்கு நேரமில்லை. மெக்கானிக் கையை விரித்தார். வேன் திரும்பியது.

கூட்டத்துக்கு முந்தைய நாள், ஆமாஞ்சாமி தானே வேனில் ஏறினார். மச்சான் ஓட்டினான். முகப்பில் தலைவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டிருந்தார். ஊர் எல்லை தாண்டி மேடு ஏறியதும் வெப்பமுள் கிடுகிடுவென்று ஏறிச் சிவப்பைத் தொட்டது.

"அத்தான், ஆரம்பிச்சிடுச்சு."

ஓரங்கட்டினார்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ஆமாஞ்சாமி இறங்கி முன்னால் போய் நின்றார். தலைவரின் முகத்தில் ஏதோ மாறுதல் தெரிந்தது. கொழுகொழுவென்றிருக்கும் கன்னம் இரண்டும் பட்டினி கிடந்தவர் போல உள்ளே ஒட்டியிருந்தன. உள்ளிருந்த விசிறி காற்றுக்கு ஆலாய்ப் பறந்து, கிடைத்ததை இழுத்துக்கொண்டிருந்தது. கிடைத்தது ஐயாவின் கன்னம்தான். மரியாதையை விட்டுவிட்டு அதைத் தொட்டுப் பார்த்தார். சுரீரென்றது.

பானெட்டைத் திறக்க வேண்டுமானால் பேனரை அவிழ்த்தாக வேண்டும். அவிழ்த்தார். சற்று நேரத்தில் உள்ளே இருந்து குரல் வந்தது.

"அத்தான், முள்ளு இறங்குது. இன்னும் தண்ணியே ஊத்தலையே."

ஆமாஞ்சாமி சாலையின் இரு பக்கமும் பார்த்துவிட்டு, பேனரை மறுபடி கட்டினார்.

"ஏறுது அத்தான்."

அவிழ்த்தார்.

"இறங்குது."

கட்டினார். ஏறியது. அவிழ்த்தார். இறங்கியது. சந்தேகத்துக்கு இடமே இல்லை. காற்று போகிற வழியில் ஐயா உட்கார்ந்திருந்தார். பட்டறைக்குப் போகும்போது எழுந்து வழிவிட்டார். மூச்சுப் பயிற்சி தேவைப்பட்டது ஓட்டுநருக்கு அல்ல, ரேடியேட்டருக்கு.

மச்சான் குதித்து இறங்கினான். அவன் முகத்தில் அப்படியொரு நிம்மதி. பார்க்கவே ஆமாஞ்சாமிக்குச் சந்தோஷமாகவும் பயமாகவும் இருந்தது.

"அப்ப என் மேல தப்பு இல்ல. நாளைக்குச் சொல்லிடுங்க அத்தான். ஐயா மூஞ்சியாலதான் வண்டி சூடாகுதுன்னு."

"சொல்லலாம். உனக்கு மட்டும் போக வேண்டிய வேலை, எனக்கும் சேர்ந்து போகும். ரெண்டு பேரும் வீட்டுல உட்கார்ந்தா உங்க அக்கா யாரை முதல்ல கவனிப்பா?"

மச்சான் யோசித்துப் பார்த்தான். நிம்மதி கொஞ்சம் குறைந்தது.

கூட்டம் கூடியது. ஓட்டுநர் அதே சுவரோரம். விளம்பர அலுவலர் புதிதாக ஒரு பயிலரங்குத் திட்டத்தோடு வந்திருந்தார். ஆமாஞ்சாமி எழுந்து, ஒரே தாளில் எழுதிவந்த அறிக்கையை வாசித்தார்.

"பல கட்டச் சோதனைகளுக்குப் பின் குழு கண்டறிந்தது என்னவென்றால்: நம் பிரசாரப் பயணங்கள் இந்த அளவுக்குச் சூடு பிடித்ததற்கு ஒரே காரணம், ஐயா அவர்கள் முன்னின்றதே. ஐயா முன்னிற்காத நாள்களில் எந்தச் சூடும் காணப்படவில்லை. இவ்வளவு காலம் முன்னால் நின்ற ஐயா அவர்களை, இனி எல்லோருக்கும் மேலே வைக்க வேண்டும் என்று குழு பணிவுடன் பரிந்துரைக்கிறது. ஆகவே பேனரைக் கூரையில் உயர்த்திக் கட்டலாம்."

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவரைப் பற்றிப் பலர் பலவிதமாகப் புகழ்ந்திருக்கிறார்கள். இவ்வளவு ஆதாரத்தோடு யாரும் புகழ்ந்ததில்லை.

"நான் முன்னின்னதாலதான்னு சொல்றீங்க."

"சோதிச்சுப் பார்த்துட்டேங்கய்யா. நீங்க வந்தா ஏறுது. நீங்க போனா இறங்குது."

"சரி, இந்த ஓட்டுநர்? இவனுக்கும் இதுல கொஞ்சம் பங்கு இருக்கும், இல்லையா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது பழைய சொல். ஆமாஞ்சாமி சுவரோரம் பார்த்தார். மச்சான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். இந்த முறை பயிற்சி இல்லாமலே.

"இல்லைங்கய்யா" என்றார். "துளிகூட இல்ல. எல்லாம் நீங்கதான்."

அவருக்கே அந்தக் குரல் யாருடையதோ போலிருந்தது. தலைவரோ பூரித்துப் போனார். பேனா எடுத்து அறிக்கையின் அடியில், "படித்தேன். முழு ஒப்புதல்" என்று எழுதிக் கையெழுத்திட்டார். ஓட்டுநர் வேலையில் தொடரலாம் என்றார். அறிக்கைக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு வாசலில் மாட்டச் சொன்னார்.

அன்று மாலையே முகம் கூரைக்கு ஏறியது. வேன் அதற்குப்பின் ஒரு சொட்டும் சிந்தவில்லை. அன்றைக்கு ஆமாஞ்சாமிக்கு வீட்டில் கேட்காமலே இரண்டாம் தரமும் சாதம் விழுந்தது.

வேறு அலுவலகங்களிலும் குழுக்கள் இருக்கின்றன. ஏதேனும் ஒன்று கெட்டுப்போனால், கெடுத்தவரைத் தேடி ஆண்டுக்கணக்கில் அலைகின்றன. பெரும்பாலும் சுவரோரம் நிற்பவரைப் பிடித்துக்கொடுத்துவிட்டுக் கலைகின்றன. நம் வாரியத்தின் சாதனை அப்படிப்பட்டதல்ல. இங்கே அடிக்கவில்லை, மிரட்டவில்லை, ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. செய்தவரே மனமுவந்து, சொந்தப் பேனாவால் எழுதிக் கையெழுத்திட்ட ஒப்புதல் வாக்குமூலம், வருகிறவர் போகிறவர் எல்லோரும் நின்று படிக்கும்படி, வாசலிலேயே தொங்குகிறது.